சாய்ந்த படகும் ஆறு மணல் மூட்டைகளும்

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவரும் படகுப் பழுதுபார்ப்புத் தொழிலாளருமான சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை)



இந்தப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவன் நான். அந்த ஆறு ஆண்டுகளில் இந்த மேடையில் ஏறிப் பரிசு வாங்கியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் படிப்புக்காக இல்லை, சாக்கு ஓட்டத்துக்கு. ஆகவே தலைமையாசிரியர் என்னைச் சிறப்புரைக்கு அழைத்தபோது, "ஐயா, நான் என்ன பேசுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் படகும் இஞ்சினும்தானே" என்று கேட்டேன். "அதையே பேசுங்கள், போதும்" என்றார். அந்த தைரியத்தில் வந்து நிற்கிறேன். கல்வியைப் பற்றிப் பேச இங்கே கற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு சாய்ந்த படகைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான் வேலை செய்வது மோட்டார் உல்லாசப் படகுகளில். பாய்மரம் கிடையாது; இஞ்சின் பலத்தில் ஓடுவது. கிள்ளான் துறைமுகம், லூமுட், லங்காவி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று, உள்ளே படுக்கை அறை, சமையல் அறை, குளிர்சாதனம் எல்லாம் வைத்து, வீடு போல மிதந்துகொண்டிருக்கும். வசதி படைத்தவர்களின் படகுதான். ஆனால் அதன் அடிவயிற்றில் தவழ்ந்து, எண்ணெயிலும் உப்புத் தண்ணீரிலும் புரண்டு அதை ஓட வைப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

இந்தப் படகுகளுக்கு வரும் நோய்களில் ஒன்று, ஒரு பக்கமாகச் சாய்வது. இடப்பக்கமோ வலப்பக்கமோ, கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமில்லை. என் அப்பா பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பில் இரண்டு வாளி தொங்கவிட்டு, ஸ்டோருக்குப் பால் சுமந்து போவார். ஒரு வாளியில் பால் கூடுதல், மற்றதில் குறைவு என்றால் கம்பு ஒரு பக்கம் இழுக்கும். அப்பாவின் உடம்பு மறுபக்கம் வளையும். இன்று செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்பவர்களுக்கும் தெரியும். குலைகளை ஒரு பக்கமாக அடுக்கினால் வண்டி கவிழ்ந்துவிடும். படகும் அப்படித்தான். ஆனால் படகு நம்மைப் போல வாய் திறந்து "வலிக்கிறது" என்று சொல்லாது. சாய்ந்து மட்டும் காட்டும்.

1994-ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்திரண்டு. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு பட்டறையில் வேலை. என்னோடு வயதான மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். இஞ்சின் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். நாங்கள் எல்லாரும் அவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அந்த வாரம் அவர் பேரப்பிள்ளையின் கல்யாணத்துக்குக் கம்பம் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, பன்னிரண்டு டன் எடையுள்ள ஒரு படகு இடப்பக்கம் சாய்ந்து நின்றது. பெரிய சாய்வு இல்லை. ஒரு பக்க விளிம்பு மறுபக்கத்தைவிட அரைச் சாண் தாழ்ந்திருந்தது. சனிக்கிழமை படகின் தவுக்கே குடும்பத்தோடு கடலுக்குப் போக வேண்டும். "அதற்குள் நிமிர்த்தி வை" என்று எனக்கு உத்தரவு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டறைக்குப் பின்னால் மணல் கிடந்தது. நாற்பது கிலோ வீதம் ஆறு மூட்டை கட்டினேன். வலப்பக்கத்து இருக்கைகளுக்கு அடியில் இருந்த பெட்டிகளுக்குள் தள்ளி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். படகு நிமிர்ந்து நின்றது. முதலாளி வந்து பார்த்தார். "கெட்டிக்காரன்டா நீ" என்று சொல்லி ஐம்பது வெள்ளி கொடுத்தார். அன்று இரவு நான் கால் தரையில் படாமல் நடந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நடந்ததை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் பாக்சிக் எனக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை இது. முப்பது ஆண்டுகளாக நான் இதை மாற்றவில்லை.

முதலில், படகு உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் கடல் தண்ணீர் ஏறி இறங்குவது அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய நான்கு மீட்டர் வித்தியாசம் வரும். நிலையான ஜெட்டியில் படகைக் கயிறு இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டால், தண்ணீர் வற்றும்போது கயிறு ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். படகு சாய்ந்தது போல் தெரியும். குற்றவாளி கயிறு. ஆகவே கயிற்றைத் தளர்த்து, ஆட்களை இறக்கு, அலை அடங்கிய நேரமாகப் பார்.

இரண்டாவது, அள. கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் படகின் தரையில் குறுக்காக வை. தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்விளிம்பு வரைக்கும் இரண்டு பக்கமும் கோலால் அளந்து நோட்டில் எழுது. தேதியும் மணியும் போடு. மறுநாள் அதே மாதிரி அள. அளவு மாறவில்லை என்றால், எங்கோ பாரம் ஒரு பக்கமாக இருக்கிறது; உட்கார்ந்து நிதானமாகத் தேடலாம். அளவு கூடிக்கொண்டே போனால் தண்ணீர் உள்ளே வருகிறது என்று சந்தேகப்படு. அன்றைக்கே தேடு, சாப்பாட்டுக்குக்கூடப் போகாதே. இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பென்சில். நான் அதைச் செய்யவில்லை.

மூன்றாவது கேள்வி: கட்டிக் கிடக்கும்போதே சாய்கிறதா, ஓடும்போது மட்டும் சாய்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய். காய்ச்சல் என்றால் டாக்டர் "எப்போது வருகிறது, ராத்திரியா பகலா?" என்று கேட்பார் இல்லையா, அது போல.

கட்டிக் கிடக்கும்போதே சாய்ந்தால், முதலில் பாரத்தைப் பார். பெரும்பாலான படகுகளில் டீசல் தொட்டி இரண்டு இருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 0.84 கிலோ. ஒரு தொட்டியில் ஐந்நூறு லிட்டர் இருந்து, மற்றது காலியாக இருந்தால், 420 கிலோ ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எழுபது கிலோ ஆட்கள் ஆறு பேர் ஒரே ஓரமாக உட்கார்ந்த மாதிரி.

"இரண்டு தொட்டியையும் சரிசமமாகத்தானே நிரப்பினேன்?" என்று படகோட்டி சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். டீசல் இஞ்சின் தான் இழுக்கும் எண்ணெயை எல்லாம் எரித்துவிடுவதில்லை; மிச்சத்தை ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். வால்வைத் தவறாகத் திருப்பி வைத்திருந்தால், இஞ்சின் வலது தொட்டியிலிருந்து குடித்து, மிச்சத்தை இடது தொட்டியில் துப்பிக்கொண்டிருக்கும். போகப் போக ஒன்று வற்றும், ஒன்று நிறையும். இரண்டு தொட்டியையும் இணைக்கும் குழாய் ஒன்று இருக்கும். அதன் வால்வைத் திறந்து விட்டுவிட்டாலும் தொல்லைதான். படகு சாய்ந்த பக்கத்துக்கே எண்ணெய் இறங்கும். இறங்க இறங்க இன்னும் சாயும்.

அப்புறம் குடிதண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள், ஜெனரேட்டர், ஐஸ்பெட்டி, பக்கத்தில் தொங்கும் சின்னப் படகு. இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "எப்போதிலிருந்து இப்படி?" புதுசாக எதையாவது மாட்டின நாளிலிருந்து என்றால், பாதி வேலை முடிந்தது. ஒன்றுமே மாற்றவில்லை, தானாகச் சாய்ந்தது என்றால் உஷாராக இரு.

ஏனென்றால் அடுத்தது தண்ணீர். தரைப் பலகையை ஒவ்வொன்றாகத் தூக்கு. ஓர் அறை பார்த்தால் போதாது, எல்லா அறையையும் பார். படகின் அடியில், பலத்துக்காக நீளவாட்டில் கட்டைகள் ஓடும். ஓரத்தில் விழும் தண்ணீர் நடுவுக்கு வந்து சேர, அந்தக் கட்டைகளில் சின்னச் சின்ன வடிதுளைகள் வைத்திருப்பார்கள். நடுவில் பம்ப் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவைச் சுவிட்ச் எழும்பிப் பம்பை ஓட்டும். ஒரு துளையில் நூலோ அழுக்கோ அடைத்துக்கொண்டால், தண்ணீர் ஓரத்திலேயே தங்கிவிடும். நடுவில் காய்ந்து கிடக்கும். பம்புக்கு ஒன்றுமே தெரியாது.

தண்ணீர் கிடைத்தால், அது எந்தத் தண்ணீர் என்று பார். எண்ணெய் வாடை இல்லை என்றால் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார். உப்புக் கரித்தால் கடல்; கரிக்காவிட்டால் மழையோ, குடிதண்ணீர்த் தொட்டியோ. கடல் என்றால், அடியில் துளை போட்டுப் பொருத்தியிருக்கும் ஒவ்வொரு வால்வையும், ஒவ்வொரு ரப்பர் குழாயையும், அதை இறுக்கும் கிளிப்பையும் கையால் தடவிப் பார். விசிறித் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தையும் பார். கயிறு திணித்து அடைக்கும் பழைய மாதிரியாக இருந்தால், தண்டு சுழலும்போது சில துளி சொட்டலாம். அது அதன் சுபாவம். நிற்கும்போதும் ஒழுகினால் கோளாறு.

தண்ணீரை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அது மணல் மூட்டை போல ஓரிடத்தில் உட்காராது. குழாயடியிலிருந்து பாதி வாளித் தண்ணீரைத் தூக்கி வரும் பிள்ளைகளுக்குத் தெரியும், தண்ணீர் எப்படித் தளும்பிக் காலை நனைக்கும் என்று. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடும். ஓடிப் போய் இன்னும் சாய்க்கும். பெரிய கப்பல்களையே இது கவிழ்த்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணக் கப்பல் புறப்பட்டது. கார்கள் ஏறும் முன்கதவை மூட மறந்துவிட்டார்கள். தடுப்பே இல்லாத பெரிய கார் தளத்தில் கடல் தண்ணீர் புகுந்து ஒரு பக்கமாக ஓடியது. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள்.

கட்டிக் கிடக்கும்போது நேராக நின்று, ஓடும்போது மட்டும் சாயும் படகுக்குக் காரணம் வேறு. ஒற்றை இஞ்சின் படகில், பின்னாலிருந்து பார்த்தால் விசிறி கடிகாரம் சுற்றும் திசையில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிறி ஒரு பக்கம் திருகும்போது, படகு அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம் திருகிக்கொள்ளும். இறுகிய மூடியைத் திருகும்போது, கையில் பிடித்த புட்டி மறுபக்கம் திரும்பப் பார்க்கும் அல்லவா, அதே கதைதான். இரட்டை இஞ்சின் படகில் இரண்டு விசிறியையும் எதிர் எதிராகச் சுழலவிட்டு இதைச் சரிக்கட்டிவிடுவார்கள்.

படகின் பின்விளிம்பில் இரண்டு தட்டுகள் இருக்கும். 'டிரிம் டேப்' என்பார்கள். இடது தட்டை இறக்கினால் ஓடும் தண்ணீர் அதில் மோதி இடப்பக்கத்தைத் தூக்கும். வலது தட்டை இறக்கினால் வலப்பக்கத்தைத் தூக்கும். ஒரு தட்டில் சிப்பி ஒட்டிச் சிக்கிக்கொண்டாலோ, அதை அசைக்கும் எண்ணெய்க்குழாய் ஒழுகினாலோ, ஒன்று இறங்கும், மற்றது இறங்காது. படகு சாய்ந்தே ஓடும்.

இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள். வேகப் படகு பக்கக் காற்றில் ஓடும்போது, காற்று தள்ளும் பக்கம் சாயாது; பெரும்பாலும் காற்று வரும் பக்கமே சாயும். காற்று மூக்கைத் தள்ளும். சுக்கான் பிடிப்பவர் நேராகப் போக வேண்டுமே என்று காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பார். அப்படித் திருப்பிப் பிடிப்பதே படகைச் சாய்க்கும். இதற்கு யாரையும் திட்ட வேண்டாம்; அந்தத் தட்டுகளைக் கொஞ்சம் அசைத்தால் போதும். திரும்பி வரும்போது படகு மறுபக்கம் சாய்ந்தால், காரணம் காற்று என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு வழியிலும் ஒரே பக்கம் சாய்ந்தால், காரணம் படகுக்குள் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதுதான் மிக ஆபத்தானது. சில படகுகள் இன்றைக்கு இடப்பக்கம் சாயும். கொஞ்சம் அசைத்தால் அப்படியே புரண்டு வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். நடுவில் மட்டும் நிற்கவே நிற்காது. பாரம் ஒரு பக்கமாக இருப்பதால் வருவதில்லை இது. பாரம் மேலே ஏறிவிட்டதால் வருவது. கூரை மேல் கூரை கட்டி, அங்கே ஐஸ்பெட்டி, இருக்கை, சின்னப் படகு என்று ஏற்றிக்கொண்டே போனால் இப்படி ஆகும். இந்தப் படகில், உயர்ந்து நிற்கும் பக்கத்தில் பாரம் வைத்தால் என்ன ஆகும்? மெல்ல நிமிராது, ஒரே புரளாகப் புரண்டு மறுபக்கம் முன்னைவிட மோசமாக விழும். இதற்கு மருந்து மேலே இருப்பதைக் கீழே இறக்குவதுதான்.

1628-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மன்னருக்காக 'வாசா' என்ற போர்க்கப்பல் கட்டினார்கள். இரண்டு தளம் நிறையப் பீரங்கிகள். கப்பல் துறையில் நின்றபோது முப்பது ஆட்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடச் சொல்லிச் சோதித்தார்கள். மூன்று தடவை ஓடியதற்கே கப்பல் பயங்கரமாக ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். சோதனையை நிறுத்தினார்களே ஒழியப் பயணத்தை நிறுத்தவில்லை. ஆகஸ்டு 10-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. ஏறக்குறைய 1,300 மீட்டர்தான் போயிருக்கும். ஒரு காற்று வீசியது, சாய்ந்தது, பீரங்கிக் கதவுகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. 1961-இல் அதை மேலே தூக்கினார்கள். இன்று ஸ்டாக்ஹோம் நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. கப்பல் தன் நோயை முன்கூட்டியே காட்டியது. கண்டவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

பேசாமல் இருந்தது என்று சொல்லும்போது, என் கதைக்குத் திரும்பியாக வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். அந்தப் படகுக்குச் சுக்கான் பிடிப்பவர் நம் தமிழர்தான். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். தவுக்கே அனுமதி கொடுத்ததால், அண்ணன் தம் பத்து வயது மகளையும் கூட்டிப் போயிருந்தார். திரும்பி வரும் வழியில், ஓர் அலையைக் குறுக்காக வாங்கி வளைக்கும்போது, நேராக இருந்த படகு திடீரென்று வலப்பக்கம் விழுந்து, விழுந்தபடியே நின்றது. அந்தப் பிள்ளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு எறியப்பட்டு, கை முறிந்தது. மீன்பிடிப் படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்து சேர்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அது கடவுள் செயல்.

பாக்சிக் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். இடப்பக்கத்தில், குளிர்சாதனத்துக்குக் கடல் தண்ணீர் கொண்டுபோகும் குழாயின் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த தண்ணீர், வடிதுளை அடைத்திருந்ததால் அந்த ஓரத்திலேயே சேர்ந்திருக்கிறது. நான் பார்த்த அரைச் சாண் சாய்வு அதுதான். படகு என்னிடம் "எனக்குள் தண்ணீர் வருகிறது" என்று சொல்லியிருக்கிறது. நான் ஆறு மூட்டையை வைத்து அதன் வாயை அடைத்துவிட்டேன். மூன்று வாரமாகத் தண்ணீர் ஏறி, படகு மறுபடி இடப்பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்கும். என் மூட்டைகள் இருந்ததால் யார் கண்ணுக்கும் படவில்லை. அன்றைக்கு அலையில் அத்தனை தண்ணீரும் கட்டையைத் தாண்டி வலப்பக்கம் பாய்ந்தது. அங்கே ஏற்கெனவே 240 கிலோ மணல் காத்துக்கொண்டிருந்தது.

அண்ணன்தான் அஜாக்கிரதை என்று சொல்லி, அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூட்டைகளைக் கண்டவர்கள், "படகோட்டி வைத்திருப்பான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் இல்லை, மூன்று நாள் திறக்கவில்லை. அந்த ஐம்பது வெள்ளி சட்டைப்பையில் அப்படியே இருந்தது. செலவு பண்ண மனம் வரவில்லை.

நாலாவது நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பிள்ளை கையில் மாவுக்கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். "அண்ணே, மூட்டையை வச்சது நான்" என்றேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "மூட்டையை வச்சதுகூடப் பெரிசில்ல தம்பி. வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, எம்மவள ஏத்திக்கிட்டுக் கடலுக்குப் போயிருக்க மாட்டேனே."

அன்று சாயங்காலமே முதலாளியிடமும் தவுக்கேயிடமும் போய் ஒப்புக்கொண்டேன். அண்ணனை மீண்டும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். என் சம்பளத்தில் ஓராண்டு பிடித்தார்கள், நியாயம்தான். பாக்சிக் என்னைத் திட்டவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, "சாரி புஞ்சா டூலு" என்றார். மூன்றே சொல். முதலில் காரணத்தைத் தேடு என்று அர்த்தம். அப்புறம் தமிழில் ஒரு சொல்லும் சேர்த்துக்கொண்டார், எங்களிடம் கற்றது: "அப்புறம் சொல்லு." அந்த நோட்டு முடிந்து, இப்போது எத்தனையாவதோ நோட்டு ஓடுகிறது. தேதி, மணி, இடப்பக்க அளவு, வலப்பக்க அளவு, என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று எல்லாம் எழுதி, படகோட்டியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கீழே இறங்குவேன்.

மணல் மூட்டையே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் கண்டுபிடித்து, பாரம்தான் ஒரு பக்கம் கூடுதல், அதை நகர்த்த வழியில்லை என்று உறுதியான பிறகு, எதிர்ப்பக்கம் எடை வைப்பது முறையான வேலைதான். நானே வைத்திருக்கிறேன். காரணம் தெரியாமல் வைக்கும் எடைதான் ஆபத்து. அது நோயைத் தீர்க்காது. நோயின் அடையாளத்தை அழித்துவிடும்.

பெற்றோர்களே, தாய்மார்களே, ஒரே ஒரு வார்த்தை உங்களிடம். நான் இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது படிப்பில் சாய ஆரம்பித்தேன். வீட்டில் அடி விழுந்தது. வாத்தியாரிடம் அடி விழுந்தது. இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிக்க உட்கார வைத்தார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில் வைத்த மணல் மூட்டைதான். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் ஒருவர், "நீ ஏன்டா கண்ணை இடுக்கிக்கிட்டே போர்டைப் பார்க்கிறே?" என்று கேட்டார். எனக்குப் பார்வைக் கோளாறு. கரும்பலகையில் எழுதியது இரண்டு வருஷமாக எனக்குத் தெரியவே இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பெரட்டுக்குப் போவதை ஒரு நாள் விட்டுவிட்டு, டவுனுக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். உங்கள் பிள்ளை சாய்ந்தால், சத்தம் போடுவதற்கு முன்னால் "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணா, காதா, பசியா, வழியில் யாராவது மிரட்டுகிறார்களா, ஒரு கணக்குப் புரியாமல் விட்டுப் போனதா என்று பலகையைத் தூக்கிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். பரிசு வாங்காதவர்களுக்கு அதைவிட ஒரு படி அதிகமான வாழ்த்துகள். நான் உங்கள் வரிசையில் உட்கார்ந்தவன். உங்களுக்கு ஒன்று புரியவில்லை என்றால், புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்து உட்காராதீர்கள். அது நீங்களே உங்களுக்கு வைக்கும் மூட்டை. கையைத் தூக்கி, "டீச்சர், எனக்கு இந்த இடத்தில் புரியவில்லை" என்று சொல்லுங்கள். தப்பு செய்துவிட்டால், செய்தேன் என்று அன்றைக்கே சொல்லுங்கள். என்னைப் போல மூன்று நாள் தாமதிக்காதீர்கள்.

அந்தப் பிள்ளையின் கை குணமாகிவிட்டது. அவள் வளர்ந்து, இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அண்ணன் கடைசி வரைக்கும் என்னோடு பேசிப் பழகினார். ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. நான் பழுதுபார்த்த படகில் ஏறும்போதெல்லாம், முதலில் என் நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படிப்பார். பிறகு குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். எனக்குக் கோபம் வந்ததே இல்லை. பார்க்கட்டும் என்று பக்கத்திலேயே நிற்பேன்.